கணையம் தன்னையே ஏன் தின்பதில்லை?

"மேடம், நம்ம ஆய்வகத்துல ஒரு திருடி இருக்கா" என்றார் சிதம்பரநாதன்.

மைமூனா ஒரு வாளியில் ஐஸ் கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதைத் திருடினா?"

"என் புரதத்தை."

"எப்படித் தெரியும்?"

சிதம்பரநாதன் கையில் வைத்திருந்த ஜெல்லை நீட்டினார். கண்ணாடி போல மெல்லிய, வழவழப்பான ஏடு அது. நீலச் சாயத்தில் ஊறவைத்தால், புரதம் முழுதாக இருக்கும் இடத்தில் அழுத்தமாக ஒரு கோடு தெரியும். அவருடைய ஜெல்லில் கோடு இல்லை. மழையில் நனைந்த கையெழுத்தைப் போல மேலிருந்து கீழ்வரை நீலம் இழுசிக் கிடந்தது.

மைமூனா ஒரு பார்வை பார்த்தார்.

"உங்க லைசிஸ் பஃபர்ல இன்ஹிபிட்டர் எப்ப போட்டீங்க, சார்?"

"எல்லாம் முறைப்படி போட்டாச்சு. நான் கேக்கது அது இல்ல, மேடம். இதைச் செஞ்சது யாரு?"

மைமூனா மறுபடி ஐஸ் உடைக்கத் தொடங்கினார்.

சிதம்பரநாதனுக்குக் காது மடல் சூடேறியது.

*

யார் இவர்கள் என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

சிதம்பரநாதன் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். தலை நரைத்த பிறகு, பட்டம் ஒன்று பாக்கியிருக்கிறதே என்று நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கால்நடை ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்தவர். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் மைமூனா, அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். வகுப்பில் அவரிடம் படித்த பெண்களின் வயது.

ஆகவே ஆசிரியர் மாணவரை 'சார்' என்று அழைத்தார். மாணவர் ஆசிரியரை 'மேடம்' என்று அழைத்தார். அந்த 'மேடம்' தொண்டையில் சிக்காமல் வெளியே வரச் சில மாதங்கள் ஆயின.

மூன்றாமவள் ஜெபராணி. உவரிக்காரி. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவளும் அங்கே ஆய்வு மாணவிதான். சிதம்பரநாதனுக்கு முன்பே சேர்ந்தவள்.

அவர்கள் இருவருக்கும் வேலை ஆட்டின் கணையத்தில். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும் வெளிறிய, நீண்ட உறுப்பு அது. கறிக்கடைக்காரர் அதைக் கழித்துப் போடும் பக்கம் போட்டுவிடுவார். முதல் நாள் சிதம்பரநாதன் போய்க் கேட்டபோது, "இதை யாரு சார் திம்பா? நல்ல ஈரலா தாரேன்" என்று சொல்லி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வாங்கி வந்த கணையத்தை ஐஸில் வைத்து, பாதி அவருக்கு, பாதி ஜெபராணிக்கு என்று வெட்டிக்கொள்வார்கள். இரண்டு பாதியும் ஒரே உறைபெட்டிக்குள் போகும்.

அப்புறம்தான் வேலை.

செல் என்பது ஒரு குட்டி வீடு. நாம் நுழையும்படியான கதவு அதற்குக் கிடையாது. உள்ளே இருக்கும் புரதம் வேண்டுமென்றால் வீட்டை உடைக்கத்தான் வேண்டும். உடைப்பதற்கென்றே ஒரு கரைசல் உண்டு. அதுதான் லைசிஸ் பஃபர். உப்பும், சோப்பின் குணமுள்ள ஒரு பொருளும் அளந்து கலந்த தண்ணீர். பாத்திரத்துப் பிசுக்கைச் சோப்பு கரைப்பதுபோல, செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையை அது கரைத்துவிடும். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும்.

எல்லாம் என்றால், எல்லாம்தான்.

அந்தக் கரைசலோடு இன்ஹிபிட்டர் என்று ஒரு மருந்தும் சேர்ப்பார்கள். வெளியே வரும் புரதத்துக்கு அது காவல்.

இதைச் சிதம்பரநாதன் செய்யும் அழகைப் பார்க்க வேண்டும். மாதம் பிறந்ததும் ஒரு பெரிய பாட்டில் நிறையக் கரைசல் தயாரிப்பார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் நிறுத்துப் போடுவார். காவல் மருந்தையும் அதிலேயே சேர்த்துவிடுவார். மூடியை இறுக்கி, அச்சடித்ததுபோல் எழுத்தில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவார். மாதம் முழுக்க அந்த ஒரே பாட்டில்.

ஜெபராணி வேறு ஜாதகம். ஒவ்வொரு தடவையும் தன் பாட்டிலிலிருந்து தேவையான அளவு மட்டும் ஊற்றிக்கொள்வாள். ஐஸ் வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உறைபெட்டிக்கு ஓடுவாள். கட்டை விரல் அளவில் ஒரு குப்பியை எடுத்து வந்து, மூச்சு வாங்க, காவல் மருந்து ஒரு சொட்டு விடுவாள். விட்ட கையோடு கணையத்தை அரைப்பாள்.

சிதம்பரநாதனுக்கு அதைப் பார்க்கவே ஆகாது.

முன்கூட்டியே சேர்த்துவைத்தால் இந்த ஓட்டம் எதற்கு? பரீட்சை மணி அடித்த பிறகு பேனாவுக்கு மை தேடும் பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இவள் அந்த ரகம் என்று முடிவு கட்டினார்.

ஆனால் கோடு அவளுக்குத்தான் விழுந்தது.

ஒரே ஆடு. ஒரே கணையம். ஒரே பெட்டி. அவளுக்குக் கோடு, அவருக்குக் கறை.

அவருக்கும் ஒரு தடவை கோடு விழுந்ததுண்டு. பாட்டில் தயாரித்த அன்றைக்கே செய்த முதல் சோதனையில். நூல் பிடித்தது போன்ற கோடு. அதற்குப் பின் அதே கை, அதே அளவு, அதே பாட்டில். கோடு மட்டும் இல்லை. அப்படியானால் யாரோ கை வைக்கிறார்கள். வேறென்ன?

ஒரு சாயங்காலம் ஜெபராணி அவருடைய பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதை அவரே கண்ணால் பார்த்தார்.

"சார், இந்தத் தேதி..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"என் பாட்டில்ல கை வைக்காதம்மா" என்று சொல்லி வாங்கித் தம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

*

மறுநாள் மைமூனாவிடம் போய், உறைபெட்டிக்கு ஒரு பூட்டு வேண்டும் என்று கேட்டார். இல்லாத நியாயமெல்லாம் பேச வேண்டியிருக்கும் என்று தயாராகப் போயிருந்தார்.

மைமூனா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"சாவி ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

அன்று சிதம்பரநாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நியாயம் இன்னும் சாகவில்லை என்று தோன்றியது.

பூட்டிய பின்புதான் பாடு தெரிந்தது. அந்தப் பெட்டி எல்லோருக்கும் பொது. சாமான் வேண்டியவர்கள் எல்லாம் அவரிடம் வந்து நின்றார்கள். ஒருத்தன் கைகட்டி, "சார், நடை எப்பத் திறக்கும்?" என்பான். இன்னொருத்தன், "இன்னைக்கு உச்சிக்கால பூசை உண்டுமா?" என்று கேட்பான். அவர் சிரிக்காமல் திறந்துவிட்டு, அவர்கள் எடுத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

ஜெபராணி வந்தால் மட்டும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவளும் அதைப் பார்த்தாள். 

அந்த வார ஜெல்லும் கறைதான்.

கள்ளச் சாவி போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

*

ஆய்வகத்தில் தேநீர் வேளை என்றால் சிதம்பரநாதன் பேச்சுதான் கேட்கும். வகுப்பில் தாம் பிள்ளைகளை மடக்கிய கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். அவருக்கு மிகப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வந்த பிள்ளைகளிடம் அதைக் கேட்பாராம்.

"கணையம் சுரக்கிற நீர் கறியையே கரைக்கும். கணையமும் கறிதான். அப்ப, கணையம் தன்னையே ஏன் தின்பதில்லை?"

வகுப்பு முழுக்கத் திருதிருவென்று விழிக்கும். அவர் கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்து, பிறகு விடையைச் சொல்வார். அந்த இடத்தில் எப்போதும் கைதட்டல் உண்டு என்பார். கேட்பவர்கள் ஏற்கெனவே பலமுறை கேட்டவர்கள்; இருந்தாலும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

அன்று அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, சிலருக்குக் கையில் சுத்தம் கிடையாது என்றார். படிப்பில் முந்த முடியாதவர்கள் பிறத்தியார் படிப்பைக் கெடுத்து முந்தப் பார்க்கிறார்கள் என்றார். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாதபடி ஜெபராணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

யாரும் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

ஜெபராணி எழுந்தாள். சுவருக்குச் சுவர் எதிரொலிக்கும் அவள் குரல் அன்று தாழ்ந்திருந்தது.

"அன்னைக்கு உங்க பாட்டிலை எடுத்தது தேதியப் பாக்கத்தான், சார். சொல்ல வந்தேன். நீங்க விடல."

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் ஒரு காரணம் வச்சிருப்பாங்க" என்றார் அவர்.

அவள் போய்விட்டாள்.

சிதம்பரநாதன் நேரே மைமூனாவின் அறைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். வாழ்நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நேர்மை கற்றுக்கொடுத்தவன் நான், என்னால் இப்படியோர் இடத்தில் இருக்க முடியாது என்று சொன்னார். கடைசியில் ஒன்றைத்தான் உரக்கச் சொன்னார்.

"ஒண்ணு அவ இருக்கணும். இல்ல, நான் இருக்கணும்."

மைமூனா ஜெபராணியைக் கூப்பிட்டனுப்பினார். சென்னையில் ஒரு பயிற்சி நடக்கிறது, நாளைக்கே கிளம்பலாம் என்றார்.

அது அவள் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த பயிற்சி.

ஜெபராணி சிதம்பரநாதனைப் பார்த்தாள். பிறகு ஆசிரியரைப் பார்த்தாள்.

"அனுப்புதீங்களா, துரத்துதீங்களா, மேடம்?"

"நீ கேட்டதுதானே."

"கேட்டப்ப குடுத்திருந்தா அது பரிசு. இப்பக் குடுத்தா தண்டனை."

 

*

ஜெபராணி போன பிறகு வந்த ஜெல் எப்படியிருந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

கறை.

இப்போது சிதம்பரநாதனுக்குக் கோபம் நான்கு பக்கமும் திரும்பியது. இது ஒருத்தி வேலை இல்லை, கூட்டு வேலை என்றார். நடை திறக்கச் சொல்லிக் கேலி பேசியவர்கள் முகமெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. ஒரு நாள் முழுக்க ஆய்வகத்தைக் காலி செய்து தர முடியுமா, தனியாகச் செய்து காட்டுகிறேன் என்று ஆசிரியரிடம் கேட்டார்.

அதுவும் கிடைத்தது.

சனிக்கிழமை காலை எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார் மைமூனா. தாமே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து ஆய்வகத்துக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க எதுக்கு மேடம் இங்க?"

"காவலுக்கு."

சிதம்பரநாதன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உறைபெட்டியின் பூட்டைத் திறந்தார். அன்று காலையில் தாமே வாங்கி வந்த கணையத்தை ஐஸ் மேல் வைத்தார். தம் பாட்டிலை எடுத்தார். மூடி இறுக்கமாகவே இருந்தது. ஊற்றினார், அரைத்தார், சுழற்றினார், ஜெல்லில் ஏற்றினார். எதையும் கண்ணைவிட்டு அகலவிடவில்லை. மதியம் சாப்பிடக்கூட எழவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் ஜெல்லைச் சாயத்திலிருந்து எடுத்தார்.

கறை.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.  மைமூனா காலையில் உட்கார்ந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"யாரும் வரல. நீங்கதான் வெளிய இருந்தீங்க" என்றார் சிதம்பரநாதன்.

"ஆமா."

"அப்ப, நீங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு அவரை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

மைமூனா கோபப்படவில்லை.

"உள்ள யாரு இருந்தா, சார்?"

"யாரும் இல்ல. நான் மட்டும்."

"நீங்க மட்டுமா?"

"நானும் கணையமும்."

"டீ குடிக்கும்போது ஒரு கேள்வி கேப்பீங்களே. அதைக் கேளுங்க."

"விளையாடுதீங்களா, மேடம்?"

"கேளுங்க."

சிதம்பரநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "கணையம் தன்னையே ஏன் தின்பதில்லை?"

"எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

வகுப்பில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விடை தானாக வந்தது. "புரதத்தை வெட்டுத கத்தியெல்லாம் உறைக்குள்ள இருக்கு. செல்லுக்குள்ள சின்னச் சின்னப் பைகள்ல கட்டி வச்சிருக்கு. அதனால ஒண்ணு ஒண்ண வெட்டாது. உறை கிழிஞ்சா..."

அங்கே நின்றுவிட்டார்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே மேசை மேல் அவருடைய பாட்டில் தெரிந்தது.

"உறையைக் கிழிச்சது யாரு?" என்றார் மைமூனா.

"நான்தான். ஆனா காவல் போட்டிருக்கேன், மேடம். அளந்து போட்டிருக்கேன். பாட்டில்லயே இருக்கு."

"எப்பப் போட்டீங்க?"

அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அச்சடித்ததுபோல் அவருடைய கையெழுத்திலேயே தேதி பாட்டிலில் ஒட்டியிருந்தது.

மைமூனா எழுந்து உள்ளே போனார். உறைபெட்டிக்குள் கையை விட்டு, கட்டை விரல் அளவில் ஒரு குப்பியை எடுத்தார். இரண்டு சின்ன ட்யூப்களை ஐஸில் நட்டு, இரண்டிலும் சிதம்பரநாதன் பாட்டிலிலிருந்தே ஊற்றினார். ஒன்றில் மட்டும் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டார்.

"அரைங்க, சார்."

அவர் அரைத்தார்.

இருட்டிய பிறகு ஜெல்லைச் சாயத்திலிருந்து எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் கறை இருந்தது. மறுபக்கம் கோடு இருந்தது. நூல் பிடித்தது போன்ற நீலக் கோடு.

"இது தண்ணியைத் தொட்டா கொஞ்ச நேரத்துல செத்துப்போயிரும்" என்றார் மைமூனா, குப்பியை மூடிக்கொண்டே. "ஒவ்வொரு தடவையும் புதுசா போடணும். உடைக்கதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

இடுப்பில் வாளியும் கையில் குப்பியுமாக மூச்சு வாங்க ஓடி வருகிற ஒருத்தி சிதம்பரநாதன் கண்முன் வந்தாள்.

*

ஆனால் அவருக்கு அவமானத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அதுவும் நியாயமான கோபம்.

"உங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"ஒரு சந்தேகம் இருந்துச்சு. முதல் நாளே கேட்டேன்."

"கேக்கதும் சொல்லதும் ஒண்ணா? பூட்டைக் குடுத்தீங்க. சாவியைக் குடுத்தீங்க. நான் ஒரு பிள்ளையத் திருடின்னு சொல்லதைக் கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க. அவளை ஊரை விட்டு அனுப்பினீங்க. நான் பாடம் படிக்க அவ ஏன் மேடம் ரயில் ஏறணும்?"

மைமூனா குப்பியை உறைபெட்டியில் திரும்ப வைத்தார். ஐஸ் வாளியில் கட்டிகள் சரிந்து சத்தமிட்டன.

"பூட்டு சரிதான். பூட்டியும் கறைதான்னு நீங்களே பாக்கணும்னு குடுத்தேன். அவளை அனுப்பினது தப்பு" என்றார். "அது என்னோடது. அவகிட்ட நான்தான் சொல்லணும். உங்களோடதை நீங்க சொல்லுங்க."

சிதம்பரநாதன் கறை தந்த ட்யூபைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கலங்கலாக, பாலேடு போல் ஏதோ அடியில் கிடந்தது.

"இதுல இப்ப ஒரு சொட்டு விட்டா, மேடம்?"

"வெட்டுப்பட்டது ஒட்டாது."

"அப்ப விட்டு என்ன பிரயோசனம்?"

"மிச்சம் இருக்கது வெட்டுப்படாது."

*

பயிற்சி முடிந்து ஜெபராணி திரும்பி வந்த அன்று, சிதம்பரநாதன் ஆசிரியரின் அறையில் ஒரு தாளோடு நின்றுகொண்டிருந்தார்.

அவள் இருக்க வரவில்லை, கிளம்ப வந்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சென்னையில் வேறோர் ஆய்வகத்தில் இடம் கேட்டிருக்கிறாள். அவர்களும் சரி என்றிருக்கிறார்கள். தான் இவ்வளவு காலம் சேர்த்த மாதிரிகளை எடுத்துப் போக, ஒரு தெர்மகோல் பெட்டி நிறைய ஐஸோடு வந்திருந்தாள். உறைபெட்டியில் இன்னும் அந்தப் பூட்டு தொங்கியது. சாவி சிதம்பரநாதன் சட்டைப் பையில் இருந்தது.

அவள் சாவி கேட்டு உள்ளே வரவில்லை. ஆய்வகத்தில், உறைபெட்டிக்குப் பக்கத்தில், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சிதம்பரநாதன் அவளைப் பார்க்காமல் அந்தப் பக்கமாக வந்து, இந்த அறைக்குள் நுழைந்திருந்தார்.

தாளை ஆசிரியர் முன் வைத்தார். தூங்காமல் யோசித்து எழுதியது என்றார். ஒரு வார்த்தை கூடாமல், ஒரு வார்த்தை குறையாமல், தன் மீது எது தவறு, அவள் மீது எதுவுமில்லை என்று வரிசையாக எழுதியிருந்தது. எழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. கீழே பெயர் போட்டு, தேதியும் போட்டிருந்தார்.

"நாலு பேர் முன்னால பழி சொன்னேன். நாலு பேர் முன்னாலதான் மன்னிப்புக் கேக்கணும். அதுதான் முறை. மாசக் கடைசியில நம்ம கூட்டம் இருக்குல்லா, அதுக்கு அவளையும் வரச் சொன்னீங்கன்னா, எல்லார் முன்னாலயும் நிமிர்ந்து நின்னு வாசிச்சிருவேன்."

மைமூனா தாளை முழுதும் படித்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஒரு குறையும் இல்லை என்றார்.

"நான் காலையிலயே அவகிட்டச் சொல்லிட்டேன், சார். அவ பையக் கீழ வைக்கதுக்கு முன்னாடி."

"என்ன சொன்னா?"

"நல்லாத் திட்டினா."

"அப்புறம்?"

"அப்புறம் டீ குடிச்சா."

திறந்திருந்த கதவு வழியே ஆய்வகத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொட்டு. கொஞ்சம் விட்டு இன்னொரு சொட்டு. தெர்மகோல் பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழும் சத்தம்.

மைமூனா தாளைத் திருப்பி அவரிடம் நீட்டினார். முதல் நாள் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"எப்ப, சார்?"

சிதம்பரநாதனின் கண் தாளின் அடியில் தாம் எழுதியிருந்த தேதிக்குப் போனது. பாட்டில் மேல் ஒட்டியிருந்த அதே எழுத்து.

அவர் தாளை வாங்கிக்கொள்ளவில்லை.

ஆய்வகத்துக்கு வந்தபோது, எழுதியதில் ஒரு வரிகூட நினைவில்லை. ஜெபராணி அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. காலடியில் தண்ணீர் ஒரு சிறு குளமாகத் தேங்கியிருந்தது.

"சாவியைக் குடுங்க சார். ஐஸ் கரையுது."

அவர் பையிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டு வரைக்கும் கொண்டுபோன கையை நிறுத்தினார்.

"திறக்கதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்மா" என்றார் சிதம்பரநாதன்.